ஆடு கடைசியில், வேலி முதலில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினால் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான். நிலம் வாங்கிவிட்டோம், அல்லது பாகம் பிரிந்து கைக்கு வந்துவிட்டது, ஆடு மாடு கோழி வளர்க்கலாம் என்று இருக்கிறோம், எங்கிருந்து தொடங்குவது? அதனால் இந்தத் தடவை பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். மற்ற கேள்விகள் அடுத்த மாதம்.

கேள்வி: அக்கா, ஒடுகத்தூர் பக்கம் 2 ஏக்கர் கொல்லை வாங்கியிருக்கிறோம். அஞ்சு வருஷமா யாரும் உழவில்லை, முக்கால்வாசி வேலிக்காத்தான் முள். பழைய கிணறு ஒன்று இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, மோட்டார் இல்லை. வேலி கிடையாது. வீட்டுக்காரர் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிறார், நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 20 வெள்ளாடும் ஒரு கறவை மாடும் வாங்கப் பணம் தயாராக இருக்கிறது. வர்ற வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகலாமா?

பதில்: போங்க தங்கச்சி, தாராளமாகப் போங்க. ஆனால் பணத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்க. வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர், திங்கட்கிழமை கே.வி.குப்பம், செவ்வாய்க்கிழமை பொய்கை என்று மூன்று சந்தைக்கும் இரண்டு மூன்று தடவை சும்மா போய் நின்று பாருங்க. எந்த ஆடு என்ன விலைக்குப் போகிறது, தரகர் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து எப்படிப் பேசுகிறார், பல் போடாத குட்டிக்கும் இரண்டு பல் போட்ட கிடாரிக்கும் விலை எவ்வளவு தூரம் என்று கண்ணுக்குப் பழகட்டும். வாங்குவது இன்னும் ஆறேழு மாதம் கழித்து. பணம் தயாராக இருக்கும்போது இப்படிச் சொன்னால் கசக்கும் என்று தெரியும், ஆனாலும் உங்கள் கடிதத்தில் தயாராக இருப்பது பணம் மட்டும்தான். கொல்லை இன்னும் தயாராகவில்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் நான் பட்டதால்தான். 2011-ல் ஒரு சந்தையில் 14 குட்டி வாங்கி வந்து, தனியாக அடைக்க இடமில்லாமல், அன்றைக்கு ராத்திரியே வீட்டில் இருந்த 9 ஆடுகளோடு ஒரே பட்டியில் விட்டேன். தீவனமும் போடவில்லை, மேய்ச்சல்தான் இருக்கிறதே என்று நினைத்தேன். ஆறாம் நாள் காலையில் பட்டியைத் திறந்தபோது ஒரு ஆடும் எழுந்திருக்கவில்லை. மூக்கில் சளி காய்ந்து அடைத்திருந்தது, கண்ணில் பீளை, உதட்டைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே தவிடு ஒட்டியது மாதிரி வெள்ளைப் புண், பின்னங்கால் முழுக்கக் கழிச்சல். ஆட்டுக்கொல்லி நோய். இரண்டு வாரத்தில் 23-ல் 16 போய்விட்டது. அதில் நானே பிரசவம் பார்த்து பால் புகட்டி வளர்த்த கறுப்பு ஆடு ஒன்று, அதை இப்போது நினைத்தாலும் மனசு ஆறுவதில்லை. தடுப்பூசி போட்டு, வாங்கினதை மூன்று வாரம் தள்ளி அடைத்திருந்தால் வீட்டில் இருந்ததாவது பிழைத்திருக்கும்.

சரி, உங்கள் கொல்லைக்கு வருவோம். முதலில் எல்லை. பட்டா, வில்லங்கம் எல்லாம் வாங்கும்போதே பார்த்திருப்பீர்கள். எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சர்வேயரை வைத்து அளந்து கல் நடுங்க. நம் பக்கத்தில் பழைய பத்திரங்களில் வட ஆற்காடு மாவட்டம் என்றே இருக்கும், 1989-ல் ஒரு தடவை பிரிந்தது, 2019-ல் வேலூர் மறுபடி மூன்றானது, நடுவில் தாலுகாவும் மாறி சர்வே எண்ணும் உட்பிரிவாகியிருக்கும், அதனால் பத்திரத்தில் சொன்ன நான்கு எல்லையும் தரையில் இருக்கிற நான்கு எல்லையும் ஒன்றுதானா என்று பார்க்காமல் ஒரு கல்தூண்கூட நடக்கூடாது. ஓடை, வண்டிப்பாதை எதையாவது சேர்த்து வேலி போட்டுவிட்டால் அப்புறம் பிடுங்கச் சொல்வார்கள், பக்கத்துக்காரரோடு பகையும் வரும். தனியாகக் கொல்லையில் இருக்கப் போகிறவர் நீங்கள், ஆபத்து அவசரத்துக்கு முதலில் ஓடி வருவது பக்கத்துக் கொல்லைக்காரர்தான்.

அவரிடமே இன்னொன்று கேளுங்க, வெட்கப்படாமல் கேளுங்க. இந்த நிலத்திலோ பக்கத்திலோ மாடு ஆடு திடீர் திடீரென்று செத்து புதைத்தது உண்டா? அடைப்பான் நோயில் செத்ததைப் புதைத்த இடம் என்றால் அந்தக் கிருமியின் வித்து மண்ணில் பல பத்து வருஷம் சாகாமல் கிடக்கும், மழை அரித்தோ டிராக்டர் உழுதோ மேலே வந்தால் அங்கே மேய்கிற கால்நடைக்கு வரும், மனுஷருக்கும் தொற்றும். அப்படி ஒரு இடம் இருந்தால் அதை உழாதீங்க, வேலி போட்டு ஒதுக்குங்க, கால்நடை மருத்துவரிடம் சொல்லி வருஷா வருஷம் அதற்கான ஊசி போடுங்க. எப்போதாவது ஒரு ஆடோ மாடோ திடீரென்று செத்து மூக்கு, ஆசனவாயில் உறையாத கறுத்த ரத்தம் வந்தால் அதை அறுக்கவும் கூடாது, தோல் உரிக்கவும் கூடாது, தொடாமல் மருத்துவருக்குத்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் முள். வேலிக்காத்தானை அரிவாளால் வெட்டினால் நீங்கள் அதற்கு முடி வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம், இரண்டு மழையில் முன்னைவிட அடர்த்தியாக வரும். தரைக்கு அடியில் இருக்கிற அடிக்கட்டையோடு வர வேண்டும், அதற்கு ஜேசிபிதான். ஈரம் இருக்கும்போது எடுத்தால் வேர் இழுத்துக்கொண்டு வரும். எடுத்த விறகைக் கரி போடுகிறவர்களிடம் பேசினால் கூலியில் ஒரு பங்கு திரும்பும். ஆடு அதன் காயை ஆசையாகத் தின்னும், கெடுதல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கொட்டை செரிக்காமல் புழுக்கையோடு வந்து விழுந்த இடமெல்லாம் முளைக்கும். அதனால் மூலையில் நிழலுக்கு ஒன்று இருக்கட்டும் என்று விடாதீங்க. நிழலுக்கு வேம்பும் புங்கனும் வையுங்க.

முள் போனதும் ஆமணக்கு, அரளி, உண்ணிச்செடி, ஊமத்தை இருக்கிறதா என்று பார்த்துப் பிடுங்கிவிடுங்க. ஓடைக்கரையில் ஊதாப்பூ பூத்து நிற்கிற நெய்வேலிக் காட்டாமணக்கு முக்கியம். ஊரில் வளர்ந்த ஆடு சாதாரணமாக இதையெல்லாம் முகர்ந்துவிட்டுப் போய்விடும். வேறு ஊரிலிருந்து பசியோடு லாரியில் வந்து இறங்கின ஆடு எதிரில் பச்சையாகத் தெரிவதைக் கடித்துவிடும், ஆபத்து அங்கேதான்.

இதோடு சேர்த்து ஒரு வேலை, யாரும் சொல்லித்தர மாட்டார்கள். உழுது ஒரு மழை பெய்ததும், மறுநாள் காலை எட்டு மணி வெயில் சாய்வாக விழும்போது ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு கொல்லையை உழவுச்சால் சாலாக நடங்க. மழை மண்ணைக் கழுவி விட்டிருக்கும், கண்ணாடிச் சில்லு மினுக்கும். அஞ்சு வருஷம் சும்மா கிடந்த நிலம் என்றால் சாராய பாட்டில் இல்லாமல் இருக்காது. துருப்பிடித்த கட்டுக்கம்பி, ஆணி, பிளாஸ்டிக் கயிறு, சிமெண்ட் சாக்கு நூல் எல்லாம் பொறுக்குங்க. ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும், மாடு அப்படியில்லை, நாக்கால் வளைத்து அப்படியே உள்ளே இழுத்துவிடும், கம்பி போனால் வயிற்றின் இரண்டாம் அறையில் தங்கி அங்கிருந்து இதயத்தைக் குத்தும். நான் முதல் தடவை நடந்தபோது 2 ஏக்கருக்கு மூன்று சாக்கு வந்தது. மூன்று மழைக்கும் நடந்தேன்.

வேலிக்குக் கணக்கு போட்டுப் பார்த்தீர்களா? 2 ஏக்கர் என்பது 87,120 சதுர அடி. நிலம் சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 1,180 அடி, பத்தடிக்கு ஒரு கல்தூண் வைத்தால் 118 தூண். அதே 2 ஏக்கர் 100 அடி அகலத்தில் நீட்டுப் போக்காக இருந்தால் சுற்றளவு 1,940 அடிக்கு மேல், 194 தூண். அதனால் முழு நிலத்துக்கும் ஒரே மூச்சில் போட்டுப் பணத்தை முடக்காதீங்க. கிணறும் கொட்டகையும் உள்ளே வருகிற மாதிரி 50 சென்ட்டை மட்டும் இப்போது அடையுங்க, 590 அடி, 59 தூண் போதும். ஆடு விற்ற காசில் மீதி. தூண் ஏழடி, ஒன்றரை இரண்டடி மண்ணுக்குள். வலை அஞ்சடி உயரம், அடிப்பக்கம் அரையடி மண்ணில் புதைத்தோ கல் அடுக்கியோ இருக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் ஆட்டுக்கு முதல் எதிரி தெருநாய், அது தாண்டாது, தோண்டும். முள்கம்பியை மட்டும் நம்பாதீங்க. மடி கிழிந்த ஆட்டைத் தைத்து எடுப்பது பெரிய பாடு. வலைக்கு உள்பக்கம் ஒரு கெஜத்துக்கு ஒன்றாக கிளைரிசிடியா, அகத்தி, சூபாபுல் போட்டுவிட்டால் அதுவே இரண்டாவது வேலி, அதுவே தழை. சூபாபுல் மட்டும் போடுகிற தழையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, அதிகமானால் முடி கொட்டும்.

கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் வேலிக்கும் முன்னால் அதுதான். ஆட்டுக்காக மட்டும் சொல்லவில்லை, பிள்ளைகள் கொல்லைக்கு வருவார்கள்.

தீவனம்தான் உயிர்நாடி. வளர்ந்த ஆடு ஒன்றுக்கு நாளைக்கு 4 கிலோ பசுந்தீவனம் என்று வையுங்க, 20 ஆட்டுக்கு 80 கிலோ, மாடு ஒன்றுக்கு 20 முதல் 25 கிலோ. தினமும் 100 கிலோ பச்சையை நீங்கள் ஒருத்தியாக எங்கே போய் அறுப்பீர்கள்? கிணற்றுத் தண்ணீர் பாய்கிற 25 சென்ட்டில் கோ-4 கம்பு நேப்பியர் புல்லின் கரணை, அதாவது கணு உள்ள தண்டுத் துண்டு, வையுங்க. வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், கரணைக்குக் கரணை 50 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட 3,300 கரணை பிடிக்கும். முதல் அறுப்பு 75, 80 நாளில், அப்புறம் 45 நாளுக்கு ஒரு தடவை. பக்கத்திலேயே கொஞ்சம் வேலிமசால், ஏனென்றால் புல் வயிற்றை நிரப்பும், உடம்பு பிடிக்கப் புரதம் வேண்டும், அது மசாலிலும் மரத்தழையிலும்தான். தண்ணீர் பாயாத மேட்டில் ஆடி ஆவணி மழைக்குக் கொழுக்கட்டைப்புல்லும் முயல்மசாலும் தூவுங்க, ஒரு தடவை வேர் பிடித்தால் வெயிலைத் தாங்கும். தீவனச்சோளம் கோ எஃப்எஸ் 29 போடுவதென்றால் ஏக்கருக்கு 2 கிலோ விதை, முதல் அறுப்பு 65 நாள், அதற்கு முன்னால் இளம் பயிரிலோ மழையில்லாமல் வாடிய பயிரிலோ ஆட்டையும் மாட்டையும் வாய் வைக்க விடக்கூடாது, சயனைடு நஞ்சு இருக்கும், அரை மணி நேரத்தில் ஆளை அழ வைத்துவிடும். கரணையும் விதையும் எங்கே என்று கேட்பீர்கள், விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்க, மண்ணையும் தண்ணீரையும் எங்கே பரிசோதிக்கலாம் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

கொட்டகையை நிலத்தின் மேட்டில் போடுங்க, நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், அப்போதுதான் நடுப்பகல் வெயில் உள்ளே அடிக்காது. பெரிய ஆடு ஒன்றுக்கு 10 சதுர அடி. சித்திரை வைகாசியில் நமக்கு 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம், வெறும் தகரக்கூரைக்கு அடியில் அது சுடுகாடு, மேலே தென்னங்கீற்று வேய்ந்து கட்டுங்க, பக்கச்சுவர் வேண்டாம், வலை போதும். ஆடு நிற்கத் தரைக்கு மேலே மரச்சட்டத்தில் பரண் போடுகிறவர்கள் சட்டத்துக்கும் சட்டத்துக்கும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விட்டால் குட்டியின் கால் மாட்டும். ஆறேழு ஆட்டுக்குப் பரண் தேவையில்லை, தரை காய்ந்திருந்தால் போதும். கொட்டகையிலிருந்து குறைந்தது 100 அடி தள்ளி, காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக ஒரு சின்ன அடைப்பு கட்டாயம். புதிதாக வருகிற எதுவும் மூன்று வாரம் அங்கேதான், தண்ணீர்த் தொட்டி தனி, தீவனத்தட்டு தனி, தினமும் முதலில் பழைய ஆட்டைப் பார்த்துவிட்டுக் கடைசியாகப் புதுசிடம் போக வேண்டும். வந்ததும் குடற்புழு மருந்து, ஆட்டுக்கொல்லி ஊசி போட்டிருக்கிறதா என்று தெரியாவிட்டால் போட்டுவிடுங்க, அது மூன்று வருஷத்துக்குத் தாங்கும். மழைக்கு முன்னால் வருஷா வருஷம் துள்ளுமாரி நோய்க்கு ஊசி.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். 20 வேண்டாம், 6 பெட்டை வாங்குங்க. கிடா முதல் வருஷம் பக்கத்தில் எங்காவது நல்லது இருந்தால் போதும். வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் 150 நாள், பெரும்பாலும் இரண்டு குட்டி, ஒன்றரை வருஷத்தில் நீங்கள் நினைத்த 20-ஐ உங்கள் கொல்லையிலேயே பிறந்ததாகப் பார்ப்பீர்கள், உங்கள் தண்ணீருக்கும் தழைக்கும் பழகினதாக. கறவை மாடு? தீவனம் இரண்டு அறுப்பு பார்த்த பிறகு யோசியுங்க. காலையும் மாலையும் நேரம் தவறாமல் பால் கறக்க வேண்டும், நீங்கள் ஒருத்திதான் இருக்கிறீர்கள், அதை மறந்துவிடாதீங்க.

கேள்வி: வாணியம்பாடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு 80 சென்ட் கழனி பாகத்தில் வந்திருக்கிறது. போர் தண்ணீர் உப்பு கரிக்கிறது, வெயிலில் காய்ந்தால் வரப்பில் வெள்ளை பூக்கிறது. மாடு இதைக் குடிக்கலாமா?

பதில்: தம்பி, நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்கிற விஷயம் இல்லை இது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று பாலாற்றுக் கரையோரம் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரில் இறங்கின கதை நம் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றிய வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதனால் உங்கள் தண்ணீரில் இருப்பது வெறும் உப்பா, குரோமியம் மாதிரி உலோகமும் சேர்ந்திருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்தாக வேண்டும். மோட்டாரைப் பத்து பதினைந்து நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலை இரண்டு மூன்று தடவை அலசி, நிரப்பி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்க. உலோகத்துக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்க, சும்மா கொடுத்தால் உப்பும் காரமும் மட்டும் பார்த்துத் தருவார்கள்.

உப்பு மட்டும்தான் என்றால், கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். 3,000 வரைக்கும் மாடு ஆடு குடித்துப் பழகிக்கொள்ளும், முதல் சில நாள் சாணி இளகலாம். அதற்கு மேலே போகப் போகத் தண்ணீரை ஒதுக்கும், பால் குறையும். 7,000-ஐத் தாண்டினால் சினை மாட்டுக்கும் கறவைக்கும் கன்றுக்கும் கொடுக்கவே கூடாது. நடுவில் இருக்கிறவர்களுக்கு ஒரு வழி, கொட்டகைக் கூரையின் மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து இதோடு கலப்பது. 400 சதுர அடி கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே 350 லிட்டருக்கு மேல் சேரும், ஒரு கறவைக்கு நாளைக்கு 60, 70 லிட்டர் என்று வைத்தால் கலந்து கொடுக்க எத்தனை நாள் வரும் என்று நீங்களே பாருங்க.

வெள்ளை பூக்கிற மண்ணில் நேப்பியர் தவிக்கும். முதலில் மண் பரிசோதனை, அது வரும்வரைக்கும் மாடு வாங்காதீங்க. உலோகம் இருக்கிறது என்று அறிக்கை வந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் கொடுக்காதீங்க, தீவனத்துக்கும் பாய்ச்சாதீங்க. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், அப்பா தாத்தா காலத்துக் கழனி. ஆனால் அந்த மாட்டின் பாலை உங்கள் வீட்டுப் பிள்ளையும் குடிக்கப்போகிறது.

கேள்வி: குடியாத்தம். தென்னந்தோப்பில் 50 நாட்டுக்கோழி விட்டோம், கீரி பாதி, நோய் பாதி என்று 9 மிஞ்சியிருக்கிறது. மறுபடி விடலாமா?

பதில்: விடலாம், கூண்டு கட்டின பிறகு. பகலில் தோப்பில் மேயட்டும், பொழுது சாய்ந்ததும் உள்ளே. கோழி வலை என்று கடையில் கொடுக்கிற அறுகோண வலையைக் கீரி கடித்து விரித்துவிடும், பற்றவைத்த கம்பி வலை, கண் ஒரு அங்குலத்துக்குள். தரையிலிருந்து இரண்டடிக்குத் தகடு அடித்துவிட்டால் பாம்பு வருவதும் குறையும். தரைக்குக் கீழே ஒரு அடி ஆழத்துக்கு வலையை வெளிப்பக்கமாக வளைத்துப் புதையுங்க.

நோய் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, ரெக்கை தொங்கி, இரண்டு மூன்று நாளில் கூட்டமாகச் செத்தால் அது வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட் என்பார்கள். இந்தப் பேரைக் கேட்டு நம் ராணிப்பேட்டையில் வந்த நோய் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு, அது இமயமலைப் பக்கத்து ஊர். நம் ராணிப்பேட்டையில் இருப்பது 1932-ல் தொடங்கின கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம், அதாவது நோய்க்கு எதிர்க்கட்சி. குஞ்சு பொரித்த 7-ம் நாள் கண்ணிலும் மூக்கிலும் ஒரு சொட்டு, 8-ம் வாரம் ரெக்கையில் ஊசி. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில்தான் கொண்டுவர வேண்டும், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்த மருந்தைப் போட்டுவிட்டு ஊசி வேலை செய்யவில்லை என்று சொல்லாதீங்க. மிஞ்சின 9 கோழியோடு புதுசைச் சேர்க்கும் முன் பழைய கூண்டு, தட்டு எல்லாம் சுண்ணாம்பு அடித்து வெயிலில் ஒரு மாதம் காயட்டும்.

கேள்வி: பேரணாம்பட்டு பக்கம், காட்டு ஓரம். பன்றித் தொல்லை. ராத்திரியில் மட்டும் வேலிக்கு கரண்ட் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. லைனிலிருந்து கொக்கி போட்டு எடுத்தாலும் சரி, மோட்டார் கொட்டகையிலிருந்து எடுத்தாலும் சரி, அது குற்றம், அதைவிடப் பெரியது, விடியற்காலையில் உங்கள் வேலியோரம் நடக்கிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. யானை நடமாட்டம் உள்ள இடம் அது. சோலார் மின்வேலி துடிப்பாகத்தான் அதிர்ச்சி கொடுக்கும், உயிரை எடுக்காது, ஆனால் காட்டையொட்டிப் போடுவதற்கு வனத்துறையில் அனுமதி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். முதலில் வனச்சரகர் அலுவலகத்துக்குப் போங்க. ஆடு வைத்திருந்தால் சிறுத்தைக்குப் பயந்து ராத்திரியில் மேலேயும் மூடின பட்டிதான், வேலியை நம்பித் திறந்த பட்டியில் அடைக்காதீங்க.

கேள்வி: காவேரிப்பாக்கம் ஏரிப்பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நெல் கழனி குத்தகைக்குக் கிடைத்திருக்கிறது. அறுப்பு முடிந்ததும் செம்மறி விடலாம் என்று இருக்கிறேன். என்ன இனம், எதில் கவனம்?

பதில்: இனத்துக்கு அலைய வேண்டாம் ஐயா, நம் மண்ணின் ஆடு மெட்ராஸ் ரெட், செங்கல்பட்டிலிருந்து நம் பக்கம் வரைக்கும் இருக்கிற சிவப்பு ஆடு, இந்த வெயிலையும் தாளையும் தாங்கும்.

கவனம் ஈரத்தில்தான். வெள்ளாட்டைவிடச் செம்மறி தரையோடு தரையாக மேயும், தேங்கின தண்ணீரில் இருக்கிற நத்தையின் வழியாகப் புல்லில் ஒட்டுகிற கல்லீரல் தட்டைப்புழு அதற்கு நேராக வாய்க்குள் போகும். கீழ்த்தாடைக்கு அடியில் தண்ணீர்ப்பை மாதிரி தொங்கினால், கண் இமையைத் திருப்பினால் உள்ளே வெளிறியிருந்தால், தள்ளிப்போடாமல் சாணியைப் பரிசோதனைக்குக் கொடுங்க, தட்டைப்புழு என்று தெரிந்தால் அதற்கென்று உள்ள மருந்தைக் கேட்டு வாங்குங்க, சாதாரணக் குடற்புழு மருந்து அதற்குப் போதாது. பனி காய்ந்து எட்டு மணிக்கு மேல்தான் கழனியில் இறக்க வேண்டும். வாய்க்கால் ஓரமும் மதகடியும் வேண்டாம். சேறு காலிலேயே ஊறினால் குளம்பு அழுகும், சாயங்காலம் பட்டிக்கு வரும் வழியில் சுண்ணாம்புத் தூள் பரப்பி அதன்மேல் நடக்கவிடுங்க.

அறுப்பு முடிந்த முதல் நாளே விடாதீங்க. களத்திலும் தாளடியிலும் சிந்தின நெல்லை வயிறு முட்டத் தின்றால் புளித்து உப்பி ஒரே ராத்திரியில் சாகும். பொறுக்குகிறவர்கள் பொறுக்கிப் போகட்டும், நாலு நாள் கழித்து இறக்குங்க, அதுவும் வைக்கோலை முதலில் போட்டு வயிறு பாதி நிறைந்த பிறகு. கடைசியாக மருந்து எப்போது அடித்தார்கள் என்று குத்தகை கொடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்க.

ராத்திரியில் ஆட்டைக் கழனியிலேயே அடைத்து எரு சேர்க்கிற கிடை போடுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஒன்றரை ஏக்கரும் ஒரே மட்டத்தில் இருக்காது. ராத்திரிக் கிடையை மேட்டுப் பாத்தியில் தொடங்கி மூன்று நாளுக்கு ஒரு தடவை நகர்த்தினால் அடுத்த போகத்துக்கு எரு தனியாக அடிக்க வேண்டிய கூலி மிச்சம். அந்த எருவின் மதிப்பைக் குத்தகையில் கழிக்கச் சொல்லி இப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்க, விதைப்பு தொடங்கின பிறகு கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.